உடம்புக்குள் தூங்கும் வைரஸ் – சி.எம்.வி.



சளி, காய்ச்சல், அம்மை எல்லாம் வைரஸால் வருவது நமக்குத் தெரியும். ஆனால் நம்மில் நிறையப் பேர் உடம்பில் இப்போதே ஒரு வைரஸ் சத்தம் இல்லாமல் இருக்கிறது. அதன் பெயர் சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாக சி.எம்.வி. நம் நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இது சின்ன வயதிலேயே வந்திருக்கும். பயப்பட வேண்டாம், முழுக்கப் படியுங்கள்!

பெயர்க் காரணம்

சைட்டோ என்றால் செல், மெகலோ என்றால் பெரியது. இந்த வைரஸ் புகுந்த செல் வீங்கி, மைக்ராஸ்கோப்பில் ஆந்தைக் கண் மாதிரி தெரியும். பெயர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் வெல்லர். போலியோ வைரஸை ஆய்வகத்தில் வளர்த்ததற்காக 1954ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். சின்னம்மை வைரஸும் சி.எம்.வி.யும் ஒரே குடும்பம்.

உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது?

எச்சில், சிறுநீர், இரத்தம், தாய்ப்பால் வழியாக இது உள்ளே வரும். உடனே வெள்ளை அணுக்கள் வேலையைத் தொடங்கும். கடலுக்குப் போகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பாங்க இல்லையா? அதே மாதிரி ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன தயாராகிறது என்று மேல்பக்கம் ஒரு அட்டை காட்டும். அந்த அட்டையில் வைரஸின் துண்டு இருந்தால் கொல்லும் டி செல் அந்தச் செல்லையே அழித்துவிடும்.

சி.எம்.வி. கில்லாடி. செல் அட்டையைக் காட்டவே விடாது. அதற்கும் உடம்பில் ஆள் இருக்கு. இயற்கைக் கொல்லி செல் என்று ஒரு வகை, அட்டை காட்டாத செல்லைத் தேடிப் பிடிக்கும். அதையும் ஏமாற்ற சி.எம்.வி. போலி அட்டை தயாரிக்கிறது! இப்படி ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சப் பார்க்கும் சண்டை இது.

கடைசியில் உடம்புதான் ஜெயிக்கும். ஆனால் வைரஸ் முழுசா ஒழியாது. எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் சில செல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மீன்பிடித் தடைக்காலத்தில் நம்ம காசிமேட்டில் விசைப்படகு கட்டிக் கிடக்குமே, அது மாதிரி. படகு எங்கேயும் போகல, நேரம் வந்தால் கிளம்பும். அதனால் டி செல்கள் ஆயுள் முழுக்கக் காவல் இருக்கின்றன.

உங்களுக்குத் தெரியுமா?
சி.எம்.வி. வந்தவர்களின் உடம்பில், பழைய நோய்களை நினைவு வைத்திருக்கும் டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு வைரஸைக் காவல் காக்கவே இருக்கிறது!

காவல் குறைந்தால்?

1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். இரத்த மாதிரிகளைச் சோதித்த இடம் வேலூர் சி.எம்.சி. எச்.ஐ.வி. அழிப்பது உதவி டி செல்களை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 50க்கும் கீழே போனால், தூங்கிய சி.எம்.வி. எழுந்து கண்ணின் விழித்திரையைத் தின்னும். பார்வையே போய்விடும். சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணில் அதிகமாகப் பார்த்த தொற்று இதுதான்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு எச்.ஐ.வி. மாத்திரையை இலவசமாகத் தருகிறது. தாம்பரம் அரசு மருத்துவமனை முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் டி செல் கூடும், சி.எம்.வி. மறுபடி அடங்கும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தருவதால் இதே ஆபத்து உண்டு. அதற்கு கான்சிக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது.

"பாசிட்டிவ்" என்றால் என்ன?

இதை எழுதக் காரணமே இதுதான். எங்க தெருவில் மாசமாக இருந்த ஒரு அக்காவின் இரத்த ரிப்போர்ட்டில் சி.எம்.வி. பாசிட்டிவ் என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவங்க இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்க அது எய்ட்ஸ் என்றே பேசிட்டாங்க. நான் எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்னது:

ஐ.ஜி.எம். – தொற்று வந்த புதிதில் உண்டாகும் எதிர்ப்பொருள். இது இருந்தால் டாக்டர் மறுபடி சோதித்துத்தான் முடிவு சொல்வார்.
ஐ.ஜி.ஜி. – பிறகு உண்டாகி ஆயுள் முழுக்க இருப்பது. இது மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போன தொற்று.

அக்காவுக்கு இருந்தது ஐ.ஜி.ஜி. மட்டும். டாக்டரும் அதையே சொன்ன பிறகுதான் அவங்க முகம் தெளிந்தது. சி.எம்.வி. வேறு, எச்.ஐ.வி. வேறு. அப்படியே எச்.ஐ.வி. இருந்தாலும் ஒருத்தரை ஒதுக்கிவைப்பது தப்பு. பக்கத்தில் உட்கார்ந்தால் அது தொற்றாது.

ஆனால் கர்ப்பக் காலத்தில் முதன்முறையாக சி.எம்.வி. வந்தால் வயிற்றுக் குழந்தைக்குப் போக வாய்ப்பு அதிகம். முன்பே வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு, ஆனாலும் உண்டு. உலகில் சுமார் 200 குழந்தைகளில் ஒன்று இந்தத் தொற்றுடன் பிறக்கிறது. அப்படிப் பிறக்கும் ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் காது கேளாமை போன்ற பாதிப்பு வரலாம். இதற்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது நாமதான். மூக்கு துடைத்தாலும் கால் கழுவிவிட்டாலும் பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும்.
2. குழந்தை கடித்த பன்னை, எச்சில் ஸ்பூனை மாசமாக இருக்கிறவங்களுக்குத் தரக்கூடாது.
3. சத்தம் கேட்டும் குழந்தை திரும்பலையா? "மெதுவா பேசும்" என்று விடாமல் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். காது சில குழந்தைகளுக்குப் பிறகும் மந்தமாகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கருவி வைத்துப் பேச வைக்கலாம்.
4. ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் கேட்கணும்.

விடை சொல்லுங்கள்!
அ) சி.எம்.வி. உடம்பில் எங்கே ஒளியும்?
ஆ) ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்றால் பொருள் என்ன?

அறிந்துகொள்வோம்! அச்சம் தவிர்ப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, காசிமேடு