வராத பாக்கியை வசூலிக்க ஆள் தேடுகிறீர்களா?

சரக்கு போய்ச் சேர்ந்து மாதக்கணக்காகியும் பணம் வரவில்லையா? வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைக்க நினைக்கும் தோழிகளே, தோழர்களே, காசும் மிஞ்ச வேண்டும், சம்பாதித்த நல்ல பேரும் கெடக்கூடாது. அதற்குச் சில குறிப்புகள்.

1. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாக்கிகளை மூன்று மாதத்துக்கு உட்பட்டது, ஒரு வருடத்துக்கு உட்பட்டது, அதற்கும் பழசு என்று பிரித்து எழுதுங்கள். முதல் பட்டியலுக்கு நீங்களே போன் செய்து அன்பாகக் கேட்டாலே பெரும்பாலும் பணம் வந்துவிடும். ஏஜென்சிக்குப் போக வேண்டியது மிச்சம் இருப்பவை மட்டும்தான்.

2. கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள், "இவ்வளவு தர வேண்டியுள்ளது" என்று பார்ட்டியிடம் கையெழுத்துடன் எழுதி வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். வருடா வருடம் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போதே இதை வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள்.

3. செக் திரும்பி வந்தால் ஏஜென்சிக்காகக் காத்திருக்காதீர்கள். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

4. உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு தொழிலா உங்களுடையது? உத்யம் பதிவு இலவசம், இன்றே செய்து வையுங்கள். 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கும் பார்ட்டி மீது குறு, சிறு தொழில்களுக்கான அரசு இணையதளத்தில் நீங்களே புகார் தரலாம். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் கேட்கலாம்.

5. இப்படிப் பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு பிடியும் உண்டு. கெடுவும் தாண்டி, மார்ச் 31-ம் தாண்டி பாக்கி நின்றால், சரக்கு வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பிப்ரவரியிலேயே அவருடைய கணக்காளருக்கு இதை நினைவூட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

6. "வசூலானால் மட்டும் கமிஷன்" என்று சொல்லும் ஏஜென்சியையே பாருங்கள். பதிவுக் கட்டணம், பெட்ரோல் செலவு, நோட்டீஸ் செலவு என்று தனியாக ஏதும் உண்டா, சொன்ன கமிஷனில் 18% ஜிஎஸ்டி அடக்கமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

7. கமிஷன் குறைவு என்றதும் சரி சொல்லிவிடாதீர்கள். ஒரு லட்ச ரூபாய் பாக்கியில் 10% கேட்பவர் 30,000 வசூலித்தால் உங்கள் கைக்கு 27,000. 20% கேட்பவர் 60,000 வசூலித்தால் 48,000. உங்களைப் போன்ற தொழில் செய்யும் இரண்டு பேரிடமாவது, அந்த ஏஜென்சி எவ்வளவு வசூலித்துக் கொடுத்தது என்று விசாரியுங்கள்.

8. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். வசூலுக்குப் போகிறவரிடம் உங்கள் கடையின் க்யூஆர் கோடு அட்டையைக் கொடுத்தனுப்புங்கள், ரொக்கம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கமிஷனை அவர்கள் பில் போட்டதும் நீங்கள் அனுப்பினால் போதும்.

9. வசூலுக்குப் போகிறவர் பேசுவது நீங்கள் பேசுவது மாதிரிதான், மறந்துவிடாதீர்கள். வங்கிக் கடன் வசூல் செய்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதையே உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். மிரட்டுவது, அக்கம்பக்கத்தில் சொல்லி மானத்தை வாங்குவது என்று கிளம்புகிற ஆட்கள் வேண்டவே வேண்டாம், வழக்கு வந்தால் உங்களையும் இழுக்கும்.

10. பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றுக்கும் நகல் மட்டும் கொடுங்கள். செக், கையெழுத்திட்ட கடிதம் போன்றவற்றின் ஒரிஜினல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

11. ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கிடையாது. 90 நாளில் வசூலாகாவிட்டால் பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பார்ட்டி நேராக உங்களிடம் கட்டினால் கமிஷன் உண்டா இல்லையா என்பது.

12. எடுத்த எடுப்பில் மொத்தப் பட்டியலையும் கொடுக்க வேண்டாம். இரண்டு மூன்று சின்ன பாக்கிகளைக் கொடுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை, கேட்காமலேயே நிலவரம் சொல்கிறார்களா என்று கவனித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

13. சின்னத் தொகைக்கு ஏஜென்சியே தேவையில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்துக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு முடித்தால், அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

14. உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கும் பழைய வாடிக்கையாளரிடம் ஏஜென்சியை அனுப்பாதீர்கள், தவணை போட்டுக் கொடுங்கள். பணம் வந்ததும் ரசீதும் நன்றியும் உடனே போகட்டும். அடுத்த சில மாதம் ரொக்கத்துக்கே சரக்கு என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால், பாக்கியும் சேராது, உறவும் முறியாது.