பழைய பிக்கப் வண்டியில் கிளட்ச் கோளாறு அறியும் முறை

ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைகளுக்குச் சரக்கு ஏற்றிவரும் பிக்கப் வண்டிகளில் பல, நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்தவை. அத்தகைய வண்டி வழியில் நின்றுவிட்டால் குடியானவருக்கு நேரும் நஷ்டம் பழுதுபார்க்கும் கூலி மாத்திரமன்று. ஏற்றிய தக்காளியும் அன்றைய விலையும் சேர்ந்தே போகின்றன. கிளட்ச் தகராறு செய்தவுடன் கியர்ப் பெட்டியை இறக்கிப் புதிய தட்டுப் போட்டுவிடுவது சில பட்டறைகளில் வழக்கம். கோளாறோ சில வேளைகளில் வெளியிலுள்ள ஒரு சிறு ரப்பர் வாஷரில் இருக்கும். ஆதலின் இறக்குமுன் செய்யவேண்டிய சோதனைகளை வண்டி வைத்திருப்போரும் அறிந்திருத்தல் அவசியம்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரத்துக்குப் பிளைவீல் என்று பெயர். கிளட்ச் தட்டை அதன் முகத்தோடு பிரஷர் பிளேட் தன் வில்லின் பலத்தால் அழுத்திப் பிடித்திருக்கும். தட்டின் நடுப்பகுதி கியர்ப் பெட்டியின் தண்டில் கோத்திருப்பதால், எஞ்சினின் விசை சக்கரங்களுக்குச் செல்கிறது. மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் வில்லைத் தள்ளிப் பிடியைத் தளர்த்தும். எனவே முக்கியமான வியாதிகள் இரண்டே: பிடிக்கவேண்டிய வேளையில் பிடியாமை, விடவேண்டிய வேளையில் விடாமை. முன்னதற்கான மருந்தைப் பின்னதற்குக் கொடுப்பதனாலேயே பணம் வீணாகிறது.

பிடியாமையை ஏற்றத்தில் அறியலாம். எஞ்சினின் இரைச்சல் உயரும். வண்டியின் வேகம் உயராது. கருகிய நாற்றமும் வரும். ஐயமிருப்பின், சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, எதிரில் ஒருவரும் நில்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மேல் கியரைப் போட்டு மிதியை மெல்ல விட வேண்டும். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் பிடி பெரும்பாலும் சரியாயிருக்கிறது. நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் தட்டு வழுக்குகிறது. இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்தல் தகாது. அச்சூடே தட்டைக் கெடுக்கும்.

வழுக்குகிறதென்று கண்டவுடன் தட்டைப் பழித்துவிடலாகாது. கேபிள் உள்ள வண்டிகளில் தட்டு தேயத் தேய மிதியின் வெற்றாட்டம் குறைந்துகொண்டே வரும். அது அறவே இல்லாமற் போனால், ஓட்டுநர் காலை எடுத்தபின்னும் பேரிங் வில்லைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். கையால் மிதியை அழுத்தி, தடை தோன்றும்வரை அது எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறதென அளந்து, கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்குத் திருப்பி வைத்தாலே சில வண்டிகள் குணமாகும். அளவு சரியாயிருந்தும் வழுக்கினால் லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது அதன்மேல் எண்ணெய் படிந்திருக்கலாம். மிதியின்மேல் எந்நேரமும் கால் வைத்து ஓட்டுவோரின் வண்டிக்கு இவ்வியாதி விரைவில் வருவதில் வியப்பில்லை.

விடாமை வேறு. எஞ்சின் ஓடுகையில் மிதியை முழுவதும் அழுத்தி, சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டால் பற்கள் கறகறவென்று உராயும். எண்ணெய் விசையால் இயங்கும் கிளட்சாயின், மிதியை இரண்டு மூன்று முறை விரைந்து அழுத்திப் பார்க்க வேண்டும். அதன்பின் கியர் எளிதில் விழுமாயின் தட்டைச் சந்தேகிக்க வேண்டுவதில்லை. குழாயில் காற்றுப் புகுந்திருக்கும், அல்லது சிலிண்டரின் வாஷர் தேய்ந்திருக்கும். மிதியின் கோல் நுழையுமிடத்திலும், கியர்ப் பெட்டியின் பக்கத்திலுள்ள கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளும் ஈரம் உண்டா என்று நோக்குக. ஈரமும் இல்லை, கிண்ணத்தில் எண்ணெயும் குறையவில்லை. ஆயினும் கியர் போட்டு மிதியை அழுத்தியே வைத்திருக்கும்போது நின்ற வண்டி மெல்ல நகரத் தொடங்கினால், மேல்சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறதென்று கருத இடமுண்டு. குறைந்த எண்ணெய்க்கு ஈடாக எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது பெருந்தவறு. ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். மூடியில் குறித்த பிரேக் எண்ணெயையே வார்க்க வேண்டும்.

ஓசைக்கும் பொருளுண்டு. மிதியை அழுத்தும்போது மட்டும் கீச்சென்ற ஒலி கேட்டால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் மிதியை விட்டிருக்கையில் கேட்டு, அழுத்தியவுடன் மறைந்தால் குற்றம் பெரும்பாலும் கியர்ப் பெட்டித் தண்டின் பேரிங்கினது. புதிய தட்டு அதைத் தீர்க்காது. புறப்படுகையில் வண்டி உதறினால் எஞ்சின் தாங்கும் ரப்பர்களை முதலிற் பார்ப்பது செலவற்ற வழி.

இத்தனைக்குப் பின்னும் இறக்கத்தான் வேண்டுமென்றால் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். கூலி இருமுறை ஆகாது. பழைய தட்டில் எண்ணெய் இருந்தால், எஞ்சினின் பின் சீல் அல்லது கியர்ப் பெட்டியின் முன் சீல் ஒழுகுவதைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தலாகாது. பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளோ வெடிப்போ உண்டா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே படிந்த தூளைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும், அத்தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். புதிய தட்டு பொருத்திய முதற் சில நாட்கள் மலையேற்றத்துக்கு முழுப்பாரம் ஏற்றாதிருப்பது நன்று.