பாறையின் பூர்வீகம்



"கீழே பாறை வந்தாச்சு, இனிமே பயமில்லை!" சைட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாறை வந்தால் மட்டும் போதுமா? அது என்ன பாறை, எப்படி உருவானது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? மண்ணியல் என்றாலே மனப்பாடப் பகுதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பாடத்தில் மனித உயிர்கள் எப்படிச் சம்பந்தப்படுகின்றன என்று பார்ப்போம்.

1. சிதைவு

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். வெயில், மழை, மரவேர் இவையெல்லாம் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? பகலில் விரிந்து இரவில் சுருங்கிப் பாறையில் விரிசல் விழுகிறது. அதில் வேர் நுழைந்து ஆப்பு அடித்தது போலப் பிளக்கிறது. இது பௌதிகச் சிதைவு. மழைநீர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. இரும்புச் சத்து துருப்பிடித்துச் சிவக்கிறது. இது இரசாயனச் சிதைவு. எளிதில் மசியாத குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது.

நீலகிரியில் கடினமான சார்னோகைட் பாறைக்கு மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண் இருப்பது இப்படித்தான். பெருமழையில் அந்த மண் நீரைக் குடித்துக் கனத்துச் சரிகிறது. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் உயிர்களைப் பலிகொண்ட நிலச்சரிவுகளை மறக்க முடியுமா?

2. படிவுப் பாறை

சிதைந்த மணலையும் களிமண்ணையும் ஆறு அள்ளிக்கொண்டு போய்க் கடலிலும் ஏரியிலும் போடுகிறது. அடுக்கு மேல் அடுக்கு ஏற, பாரத்தில் அடியிலுள்ளவை இறுகுகின்றன. சிலிக்கா, சுண்ணாம்பு, இரும்பு ஆக்சைடு போன்றவை துகள்களை ஒட்டுகின்றன. மணல் மணற்கல்லாகும், களிமண் ஷேல் ஆகும், கூழாங்கற்கள் சேர்ந்து ஒட்டினால் காங்லோமரேட், அதாவது இயற்கையே போட்ட கான்கிரீட்! அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி.

நினைவில் வையுங்கள்: படிவுப் பாறையின் பலம் அதன் கற்களில் மட்டும் இல்லை, ஒட்டும் பொருளிலும் இருக்கிறது.

3. உருமாற்றப் பாறை

பூமிக்குள் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் தாக்கும்போது, பாறை உருகாமலேயே குணம் மாறுகிறது. சுண்ணாம்புக்கல் மார்பிள் ஆகிறது. மணற்கல் குவார்ட்சைட் ஆகிறது. ஷேல் முதலில் ஸ்லேட், பிறகு சிஸ்ட், இன்னும் மாறினால் நைஸ். சிஸ்ட் பாறையில் மைக்கா தகடுகள் சீட்டுக்கட்டு போல ஒரே திசையில் படுத்திருக்கும். சீட்டுக்கட்டை மேலிருந்து அழுத்தினால் தாங்கும்; பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும். சிஸ்ட்டும் அப்படியே.

4. ஓர் அணையின் கதை

மேலே சொன்ன இரண்டு பலவீனங்களும் ஒரே இடத்தில் சேர்ந்தால்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே 1926-ல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் பிரான்சிஸ் அணை அப்படிப்பட்டது. கான்கிரீட் அணை, உயரம் சுமார் 60 மீட்டர். மேற்குக் கரையில் சிவப்புக் காங்லோமரேட்; உலர்ந்திருந்தால் கெட்டி, நீரில் ஊறினால் கரைந்து உதிரும். கிழக்குக் கரையில் சிஸ்ட்; அதுவும் முன்னொரு காலத்தில் சரிந்து வந்து நின்ற பகுதி.

1928 மார்ச் 12 அன்று காலை, கசிவு நீர் கலங்கலாக வருவதைக் காவலர் கவனித்துத் தகவல் சொன்னார். அணையைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடிந்தபோது இரு பக்கமும் போய், நடுவில் ஒரு கான்கிரீட் துண்டு மட்டும் தனியே நின்றது! அணையின் வடிவமைப்பிலும் குறைகள் இருந்தன. ஆனால் அந்தக் காங்லோமரேட்டில் ஒரு துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டிருந்தால், ஒரு கரையின் குணமாவது முன்பே தெரிந்திருக்கும்.

5. நாம் செய்ய வேண்டியது

• பாறையைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் புதுப்பாறை, பொத்தென்றால் சிதைந்தது.
• ஒரு துண்டை இரவு முழுவதும் நீரில் ஊறவையுங்கள்.
• நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு உண்டு; நீரால் அரிபடுமா என்று விசாரியுங்கள்.
• அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று குறியுங்கள். சரிவின் பக்கமே சாய்ந்தால் எச்சரிக்கை!
• கசிவு நீர் கலங்கினால் உடனே மேலே எழுதிக் கொடுங்கள்.

இவை ஆய்வகச் சோதனைக்கு மாற்று அல்ல; சோதனை தேவை என்று சொல்லும் முதல் அறிகுறிகள். நாளை டிப்ளமா முடித்துச் சைட்டில் நிற்கப்போவது நாம்தான். குழியில் இறங்கி அந்தப் பாறையை முதலில் பார்க்கப்போவதும் நாம்தான். "பாறை வந்தாச்சு" என்று யாராவது சொன்னால், "எந்தப் பாறை?" என்று கேட்போம் நண்பர்களே!