நாங்கூழ்ப் புழுவும் நாலு நம்பிக்கைகளும்

கோயில் கொடையோ, இலக்கியக் கூட்டமோ, நெல்லைப் பக்கம் மேடை போட்டுப் பேச ஆள் வந்தால் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடும்: "டார்வின் நேற்றுப் பிறந்தவர், நம்மவர் பரிணாமத்தை அன்றே சொல்லிவிட்டார்." கைதட்டல் எழும். நானும் பையனாக இருந்தபோது தட்டியிருக்கிறேன். பிற்பாடு மாணிக்கவாசகரின் சிவபுராணப் பாட்டையும் டார்வினையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது, தட்டின கை கொஞ்சம் கூசியது.

நம்பிக்கை: தொல்காப்பியத்திலும் சிவபுராணத்திலும் பரிணாமக் கொள்கை இருக்கிறது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும். நத்தைக்கு நாக்கும் சேர்த்து இரண்டு. கறையான், எறும்புக்கு மூக்கோடு மூன்று. நண்டு, தும்பிக்குக் கண்ணோடு நான்கு. விலங்குக்குக் காதோடு ஐந்து. மனிதனுக்கு மனத்தோடு ஆறு. நுட்பமான வகைப்பாடு, சந்தேகமில்லை. ஆனால் நத்தை எறும்பானது, எறும்பு நண்டானது என்று அங்கே ஒரு சொல்லும் கிடையாது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் இப்படி ஒரு படிக்கட்டு கட்டினார். அவரையும் யாரும் டார்வின் என்பதில்லை.

சிவபுராணத்தின் கணக்கு வேறு. அங்கே ஓர் உயிர்தான் பல உடம்பில் பிறந்து பிறந்து சலிக்கிறது. மாணிக்கவாசகர் தரும் வரிசையைக் கவனித்தால் மரம் புழுவுக்குப் பின்னால் வரும், கல் பாம்புக்கும் பின்னால் வரும். மனிதனோடு வரிசை நிற்பதும் இல்லை. பேய், அசுரர், முனிவர், தேவர் என்று மேலே போகும். பரிணாமத்திலோ எந்தத் தனி உயிரும் இன்னொன்றாக மாறுவதில்லை. ஒரு கூட்டத்தில் பிறக்கும் குட்டிகளுக்குள் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அந்தச் சூழலில் எது அதிக வாரிசை விட்டுப்போகிறதோ, அதன் சாயல் தலைமுறைக்குத் தலைமுறை கூடும். இதில் ஆன்மாவுக்கு வேலை இல்லை, முக்திக்கும் இடமில்லை. பிறவிச் சலிப்பில் உருகின ஒருவரை உயிரியல் வாத்தியாராக்கினால், பாட்டும் போகும் பாடமும் போகும்.

நம்பிக்கை: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றார் டார்வின், தமிழிலிருந்து தெலுங்கு வந்தது என்றார் கால்டுவெல்.

இரண்டும் ஒரே தவறு. இன்று உயிரோடு இருக்கிற ஒன்றை, இன்று உயிரோடு இருக்கிற இன்னொன்றுக்குத் தாயாக்குகிற தவறு. பாபநாசம் படித்துறையில் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடுகிற குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, தூரத்துப் பங்காளி. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது; இந்தக் குரங்கோடு உள்ள உறவு அதற்கும் மிகப் பழையது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டபோது காட்டியதும் இந்த மாதிரி உறவைத்தான்: தமிழ், தெலுங்கு, கன்னடமெல்லாம் ஒரு பழைய மூலத்திலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள். மொழிகள் பிரிவதும் உயிரினங்கள் பிரிவதும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று டார்வினும் 1871-இல் எழுதினார்.

பிறகு தமிழின் வயிற்றில் மற்ற மொழிகள் பிறந்ததாக நம் மனத்தில் பதிந்தது எப்படி? 'மனோன்மணீயம்' நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்தில் சுந்தரம் பிள்ளை அப்படிப் பாடினார். 1970-இல் அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்டபோது அந்த அடிகளை விட்டுவிட்டது. ஆனாலும் கருத்து ஊரில் தங்கிவிட்டது. கவிஞருக்கு அந்த உரிமை உண்டு. நமக்குத்தான் பாட்டையும் ஒப்பிலக்கணத்தையும் பிரிக்கத் தெரியவில்லை.

நம்பிக்கை: 'மனோன்மணீயம்' என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து, மிச்சமெல்லாம் பழைய ராஜா கதை.

இந்த நம்பிக்கைதான் எனக்கு ஆற்றாமை தருகிறது. கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாத இடத்தில் டார்வினைத் தேடுகிறோம்.

சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். இடையில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்குத் தலைமை வகித்தார், பின்னாளில் ம.தி.தா. இந்துக் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். அவருடைய குரு, தாமிரபரணிக் கரையில் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள். நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் அவர் நிழல். கதை லிட்டன் எழுதிய ஓர் ஆங்கிலக் கதைக் கவிதையிலிருந்து வந்தது. நடக்கும் களம் நெல்லை. அச்சானது 1891-இல்.

அதில் நடராசன் என்றொருவன் விடிகாலையில் ஊருக்கு வெளியே தனியாக நின்று பேசும் இடம் ஒன்று உண்டு. காதலும் இல்லை, போரும் இல்லை. முதலில் ஒரு சின்னப் புல்லைப் பார்க்கிறான். அது தேன் வைத்து ஈயை விருந்துக்கு அழைக்கிறது, வந்த ஈ மகரந்தத்தைச் சுமந்து போகிறது, காய் பிடிக்கிறது. காய்க்கு ஒரு கொக்கியும் இருக்கிறது, அவன் துணியில் மாட்டிக்கொண்டு வேறிடம் போய் முளைக்க. வயல் வரப்பில் நடந்து வந்து, வேட்டிக் கரையில் ஒட்டுப்புல் விதையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டவர்களுக்கு அவன் சொல்வது உடனே விளங்கும். தாய்ப் புல்லின் காலடியிலேயே அத்தனை பிள்ளையும் விழுந்தால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். கொக்கி உள்ள விதை தப்பித்து அடுத்த வரப்புக்குப் போகும்.

அடுத்து அவன் கண்ணில் படுவது நாங்கூழ்ப் புழு, அதாவது மண்புழு. உழுகிறவர்களுக்கெல்லாம் அரசன் என்று அதைக் கொண்டாடுகிறான். எந்த மண்ணையும் நல்ல மண்ணாக்குகிறாய், புகழ்ச்சிக்கு வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறாய் என்கிறான்.

நாடகம் அச்சாவதற்குப் பத்து வருஷம் முன்னால், 1881-இல், டார்வினின் கடைசிப் புத்தகம் வந்திருந்தது. அது முழுக்க மண்புழுவைப் பற்றியது. 1837-இல் அதைப் பற்றி முதலில் பேசியவர் 44 ஆண்டு அந்தப் புழுவை விடவில்லை. தொட்டியில் வளர்த்து, மகனைப் பஸூன் வாத்தியம் ஊதச் சொல்லிக் காது கேட்கிறதா என்று பார்த்தார். கேட்கவில்லை, ஆனால் தொட்டியைப் பியானோ மேல் வைத்து வாசித்தால், அதிர்வு உறைத்து வளைக்குள் ஓடியது. இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுவின் உடம்பு வழியாக மேலே வருகிறது என்று கணக்குப் போட்டார். கலப்பைக்கு வெகு காலம் முன்பே நிலத்தை உழுதது இதுதான் என்று முடிவு கட்டினார்.

சரி, அப்படியானால் சுந்தரம் பிள்ளையே நம் டார்வின் என்று அடுத்த மேடையில் யாரும் முழங்கவேண்டாம். நடராசன் புல்லில் காண்பது தாயின் கரிசனம், புழுவில் காண்பது தியாகம், எல்லாவற்றுக்கும் பின்னால் அருள். டார்வினின் புழு யாருக்காகவும் உழவில்லை. தின்கிறது, கழிக்கிறது, காலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. தன் காலத்து அறிவியல் கண்ணையும் சைவ மனத்தையும் ஒரே ஆள் வைத்திருந்தார் என்பதுதான் எனக்குச் சுவை.

நம்பிக்கை: வலுத்தவன் வாழ்வான், இளைத்தவன் சாவான், அதுதான் இயற்கைச் சட்டம்.

இந்த வார்த்தைக்கு மூலமான தொடரை 1864-இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைத் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான் சேர்த்துக்கொண்டார். அவர் கருதியது அந்தச் சூழலுக்குப் பொருந்துவதை. 'தக்கது பிழைக்கும்' என்ற பாடப்புத்தகத் தமிழ் சரியாகவே சொன்னது. டீக்கடைத் தமிழ்தான் 'தக்கது' என்பதை 'வலுத்தது' ஆக்கிவிட்டது. கண் இல்லை, காது இல்லை, பல் இல்லை. ஆனாலும் மண்புழு கோடிக்கணக்கான வருஷம் பிழைத்துக் கிடக்கிறது.

பண்ணையார் வாழ்ந்து கூலிக்காரன் சீரழிந்தால் அதையும் இயற்கை மேல் போடுவது வசதி. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கதையை ஒருமுறை வாசித்தால் போதும். நெல்லைச் சீமை மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் போய் விழுகிறாள் என்றால், தள்ளிய கைகளுக்கு ஊரில் பெயர் உண்டு, ஆள் பிடிக்கும் கங்காணிக்குச் சம்பளமும் உண்டு.

கூலி உழைப்பு என்றதும் மறுபடி நடராசன் நினைவு வருகிறது. அவன் புழுவை வெறும் அழகாகப் பார்க்காமல் உழைப்பாளியாகப் பார்த்ததற்கும் காரணம் இருக்கிறது. சுந்தர முனிவருக்காக யாரும் அறியாமல் கோட்டைக்குள் சுரங்கவழி வெட்டும் வேலை அவன் தலையில். விடிகிறது, புழு வளைக்குள் போகிறது, அவனும் தன் மண் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.