வாக்குறுதிகளை ஒப்பிடும் முறை

காலநிலை மாற்றத்தைத் தடுப்பதில் எந்த நாடு முன்னிற்கிறது, எந்த நாடு பின்தங்கியது என்ற வாதம் மாணவரிடையே அடிக்கடி எழுகிறது. ஒரு நாடு 55 சதவீதம் குறைப்பதாகக் கூறுகிறது. மற்றொன்று 46 என்கிறது. உடனே 55 பெரிது என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். முழக்கணக்கா கஜக்கணக்கா என்று கேளாமல் துணியின் விலையை ஒப்பிடுவது போன்றது இது.

2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாடும் தான் செய்யப்போவதைத் தானே வகுத்து அறிவிக்கிறது. அளவுகோலையும் அந்தந்த நாடே தேர்ந்துகொள்கிறது. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, எந்த ஆண்டிலிருந்து கணக்கு? 2030-க்குள் 55 சதவீதம் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்கு 1990-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதன்பின் கிழக்கு ஜெர்மனியில் பழைய ஆலைகள் பல மூடப்பட்டன. அதனால் நேர்ந்த குறைவும் இக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதே 2030-க்கு ஜப்பான் கூறிய 46 சதவீதமோ 2013-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் நேர்ந்த புக்குஷிமா விபத்துக்குப் பின் அணு உலைகள் நின்று, நிலக்கரியும் இயற்கை வாயுவும் மிகுதியாக எரிக்கப்பட்ட காலம் அது. மேட்டிலிருந்து அளந்தால் இறக்கம் அதிகமாகத் தெரியுமன்றோ?

இரண்டாவது, குறைவது எது? ஐரோப்பாவும் ஜப்பானும் மொத்த வெளியேற்றத்தைக் குறிக்கின்றன. 2022-இல் இந்தியா அறிவித்த 45 சதவீதம், 2005-ஐ ஒப்பிட்டு, பொருளாதார உற்பத்தியின் மதிப்புக்கு இத்தனை வெளியேற்றம் என்ற விகிதத்தைக் குறிக்கும். ஓர் உதாரணம் காண்போம். 100 ரூபாய் உற்பத்திக்கு 100 பங்கு கரியமில வாயு வெளியேறியது என்க. விகிதம் 45 சதவீதம் குறைந்து, உற்பத்தி 400 ரூபாயாக வளர்ந்தால், வெளியேற்றம் 220 பங்காகும். வாக்கும் நிறைவேறும், மொத்தமும் இருமடங்குக்கு மேல் உயரும். இது ஏமாற்று அன்று. ஆண்டுக்குச் சராசரி இந்தியர் ஒருவரின் பங்கு சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்கரின் பங்கு சுமார் 14 டன். வளரவேண்டிய நாடு விகிதத்தைத் தேர்ந்ததில் நியாயம் உண்டு. ஆனால் விகிதத்தை மொத்தம் என்று நாம் மயங்கலாகாது.

மூன்றாவது, எட்டிய இலக்கின் பொருள் என்ன? 2030-க்குள் மின் நிலையங்களின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி முதலியவற்றைச் சாராததாக இருக்கும் என்றது இந்தியா. 2025-லேயே அதை எட்டியது பெருமைக்குரியதே. ஆயினும் திறன் வேறு, கிடைக்கும் மின்சாரம் வேறு. மாலையில் சூரிய மின்தகடு ஓய்ந்துவிடும். நிலக்கரி நிலையமோ இரவிலும் ஓடும். எனவே பாதித் திறனை எட்டிய அந்த 2025-லும் நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வந்தது.

இவற்றைக் கண்காணிக்கவும் வழி உண்டு. பிரிட்டன் 2008-இல் இயற்றிய சட்டத்தின்படி, தனிக்குழு ஒன்று ஆண்டுதோறும் அரசின் செயலை ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் ஈராண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். முதல் அறிக்கைக்குரிய கெடு 2024 டிசம்பர்.

நண்பர்களே, நாளை ஆலையிலும் ஆட்சி அலுவலகத்திலும் இவ்வெண்களைக் கையாளப்போகிறவர்கள் நம்மில் பலர். நம் நாட்டைப் பழித்தாலும் புகழ்ந்தாலும், எந்த ஆண்டு, எந்த அளவு, என்ன பொருள் என்று முதலில் கேட்போம். பிறகு வாதிடுவோம்.