தீர்ப்பும் கல்வெட்டும்

கேள்வி: நீதிபதியாக இருந்துகொண்டே வரலாறும் எழுதியவர் நம் பக்கத்தில் உண்டா?
– வாசகர், கீழப்பழுவூர்

பதில்: கொள்ளிடம் தாண்டினால் தஞ்சாவூர். அங்கே மாவட்ட நீதிபதியாக இருந்தவர் ஏ.சி. பர்னல், 1860இல் சென்னை மாகாணப் பணிக்கு வந்த ஆங்கிலேயர். தென்னிந்திய எழுத்துகள் காலந்தோறும் எப்படி உருமாறின என்று அவர் எழுதிய நூல் 1874இல் வெளிவந்தது. உங்கள் ஊர் ஆலந்துறையார் கோயில் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர் வருகிறார்கள் அல்லவா? அப்படிப்பட்ட கல்லின் காலத்தைக் கணிக்க எழுத்தின் வடிவம் தெரியவேண்டும். அந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் அவர் முக்கியமானவர் என்பேன். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கும் அட்டவணை தயாரித்தார். 1882இல் இறந்தபோது வயது 42தான். ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886இல்தான் அச்சேறியது.