பழைய பிக்கப்புக்கு மின்விசிறி: பூட்டுமுன் ஒரு பாடம்

மொறிஸ் மைனர் பிக்கப் 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது. தயாரிப்பு நின்று 50 ஆண்டுகளுக்கு மேலாகியும் எமது நாட்டு வீதிகளில் அதை இன்னும் காண்கிறோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவியபோது இத்தகைய பழைய பிரித்தானிய வாகனங்கள் மண்ணெண்ணெயிலும் ஓடி மக்களுக்கு உதவின. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கையிலிருக்கும் பழையதைப் பேணுவதன் பெறுமதியை நாம் மீண்டும் உணர்ந்தோம்.

இவ்வாகனங்களை வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "வண்டி கொதிக்கிறது, மின்விசிறி பூட்டினால் சரிவருமா?" சில வேளை சரிவரும். ஆனால் இரண்டு காரியங்களை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கொதிப்புக்குக் காரணம் என்ன? மற்றது, விசிறிக்கு வேண்டிய மின்சாரத்தை வண்டியால் கொடுக்க முடியுமா? இவ்விரண்டுக்கும் விடை காணாமல் செலவு செய்தால் பணமும் போகும், கொதிப்பும் தீராது.

1. எப்போது கொதிக்கிறது?

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் ஏந்திக்கொண்டு றேடியேற்றருக்கு வருகிறது. அங்கே காற்று அச்சூட்டை எடுத்துச் செல்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். விசிறிக்கு வேலை மிகக் குறைவு. வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதுமே விசிறி தேவை. பழைய வண்டிகளில் விசிறி எஞ்சினோடு சேர்ந்து சுழல்வதால், எஞ்சின் மெதுவாக ஓடும் அந்த வேளையில் அதுவும் மெதுவாகவே சுழல்கிறது. மின்விசிறி எஞ்சின் வேகத்தில் தங்கியிருப்பதில்லை. அதன் உண்மையான நன்மை இதுவே.

ஆகவே சாரதி கவனிக்க வேண்டியது இது. சந்தை வாசலில், வாகன வரிசையில் நிற்கும்போது கொதித்தால் காற்றுக் குறைவு என்று எண்ணலாம். பெருந்தெருவில் ஓடும்போதோ, சுமையோடு மேடு ஏறும்போதோ கொதித்தால் குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

- றேடியேற்றரின் உட்குழாய்களில் கறளும் உப்பும் அடைத்திருத்தல். உவர்த்தண்ணீர் ஊற்றும் இடங்களில் இது அதிகம்.
- வெளித்தகடுகளுக்கிடையில் சேறு, பூச்சி, வைக்கோல் தூசி.
- தேர்மோஸ்ரற் திறவாமை.
- விசிறிப் பெல்ற் தளர்ந்து வழுக்குதல்.
- கீழ் ஹோஸ் பழுதாகி, எஞ்சின் வேகம் கூடும்போது உள்ளொடுங்குதல்.
- றேடியேற்றர் மூடி அழுத்தத்தைத் தாங்காமை.
- எரிபற்றல் நேரம் பிந்தியிருத்தல், பிறேக் பிடித்துக்கொண்டிருத்தல்.
- ஹெட் கஸ்கற் பழுது.

இவற்றுள் எதையும் மின்விசிறி குணப்படுத்தாது. அடைத்த றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்வது புதிய விசிறியிலும் பயன் தரலாம். சூடான வேளையில் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கியதும் தண்ணீர் கொதித்தெழுந்து முகத்தையும் கையையும் சுட்டுவிடும்.

2. மின்சாரக் கணக்கு

காரணம் காற்றுக் குறைவுதான் என்று உறுதியானால் அடுத்த கேள்விக்கு வருவோம். மொறிஸ் மைனரில் இருப்பது டைனமோ. லூக்காஸ் சி40 வகை டைனமோ ஆகக் கூடியது 22 அம்பியர் தரும். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டுமே. எஞ்சின் மெதுவாக ஓடும்போது முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிவதைக் காண்கிறோம். டைனமோ அப்போது ஒன்றும் தரவில்லை என்பதே அதன் பொருள்.

இதை நன்கு சிந்திக்க வேண்டும். வண்டி நிற்கும்போதுதான் மின்விசிறி தேவை. அதே வேளையில்தான் டைனமோ கைவிடுகிறது. முழுப் பாரமும் பற்றறி மேல் விழுகிறது. 40 அம்பியர்-மணி பற்றறியை எடுத்துக்கொள்வோம். இரவு வேளை விசிறிக்கு 10, விளக்குகளுக்கு 10, எரிபற்றலுக்கு 4 என 24 அம்பியர் செலவாகிறது. ஒரு மணி நேரத்தில் பற்றறியின் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அந்த வண்டி நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தால் நிலைமை என்னவாகும்?

ஆகவே மின்விசிறி பூட்டுவோர் முதலில் ஓல்ரனேற்றர் பூட்டுவது நல்லது. லூக்காஸ் 16ஏசிஆர் வகை 34 அம்பியர் தரும். இங்கே ஒரு எச்சரிக்கை. மொறிஸ் மைனரில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்துள்ளது. வழமையான ஓல்ரனேற்றருக்கு எதிர்முனை உடலோடு இணைய வேண்டும். பற்றறியை மாற்றி இணைக்கும்போது இக்னிசன் கொயிலின் இரு வயர்களையும் மாற்ற வேண்டும். வானொலி, டயோட் உள்ள பெற்றோல் பம்பி முதலியவற்றை மாற்றமுன் கழற்றிப் பரிசோதிக்க வேண்டும். பழக்கமுள்ள ஒரு வாகன மின்வேலைக்காரரின் உதவியோடு இதைச் செய்வதே நலம்.

இச்செலவுக்கு வசதியில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. பழைய விசிறிக்குப் பதிலாகக் கூடுதல் இதழ்கள் கொண்ட விசிறியைப் பூட்டலாம். றேடியேற்றரின் பின்புறம் தகரத்தில் ஒரு காற்றுக்கூடு அடித்து, விசிறி இழுக்கும் காற்று முழுவதும் றேடியேற்றர் ஊடாகவே வரச் செய்யலாம். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

3. பூட்டும் முறை

கழிக்கப்பட்ட யப்பான் கார்களின் மின்விசிறிகள் கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் கிடைக்கும். 12 வோல்ற் விசிறியாக, றேடியேற்றரின் அகலத்துக்கு ஏற்றதாக எடுக்க வேண்டும்.

அ. பற்றறியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குக.

ஆ. பழைய விசிறியைக் கழற்றுக. பெல்ற் இருந்தேயாக வேண்டும். தண்ணீர்ப் பம்பியையும் டைனமோ அல்லது ஓல்ரனேற்றரையும் அதுவே சுழற்றுகிறது. விசிறியையும் கப்பியையும் ஒரே 4 போல்ற்கள் பிடித்திருக்கின்றன. விசிறி போனபின் அவை நீளம் கூடியவையாகிவிடும்; குறுகிய போல்ற்களைப் போடுக.

இ. புதிய விசிறியை றேடியேற்றரின் பின்புறம் வைத்துக் காற்றை இழுக்கச் செய்வது சிறந்தது. எஞ்சின் றப்பர் தாங்கிகளில் ஆடுவதால் இடையில் 1 அங்குலமாவது இடைவெளி விடுக. இடமில்லையெனில் முன்புறம் பூட்டிக் காற்றைத் தள்ளச் செய்யலாம். விசிறியை இரும்புப் பட்டிகளால் சட்டத்தில் பூட்டுக. தகடுகளினூடாக பிளாஸ்ரிக் நாடா கோத்துக் கட்டினால், அதிர்வில் உரசி றேடியேற்றர் ஒழுகும்.

ஈ. சூட்டுச் சுவிச்சை மேல் ஹோஸை வெட்டி இடையில் பூட்டும் உலோகக் குழாயில் பொருத்தலாம். றப்பருக்கிடையில் இருப்பதால் அக்குழாய்க்கு உடலோடு தொடர்பில்லை. ஒற்றை முனைச் சுவிச்சாயின் குழாயிலிருந்து உடலுக்கு ஒரு வயர் போடுக. தேர்மோஸ்ரற் 82 பாகை செல்சியஸில் திறக்குமானால், 92 இல் தொடங்கி 87 இல் நிற்கும் சுவிச் பொருத்தமானது. தேர்மோஸ்ரற்றைவிடக் குறைந்த சூட்டில் தொடங்கும் சுவிச்சைப் போட்டால் விசிறி நிற்கவே மாட்டாது.

உ. விசிறியின் மின்சாரம் சூட்டுச் சுவிச்சினூடாகச் செல்லக் கூடாது. றிலே ஒன்று அவசியம். பற்றறியிலிருந்து பியூஸ் வழியாக றிலேயின் 30 ஆம் முனைக்கும், 87 ஆம் முனையிலிருந்து விசிறிக்கும் தடித்த வயர் போடுக. 86 ஆம் முனைக்கு இக்னிசன் வயரும், 85 ஆம் முனைக்குச் சூட்டுச் சுவிச்சின் வயரும் வரும். பியூஸ் பற்றறிக்கு அண்மையில் இருக்கட்டும். சாரதி தானே விசிறியைப் போட முன்பலகையில் ஒரு சுவிச் வைத்தால், சூட்டுச் சுவிச் பழுதான நாளில் உதவும்.

4. பரிசோதனை

விசிறி சுழலும்போது றேடியேற்றரின் முன்னால் ஒரு கடதாசியைப் பிடியுங்கள். அது றேடியேற்றரோடு ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் செல்கிறது. பறந்து விலகினால் விசிறியின் இரு வயர்களையும் மாற்றி இணைக்க வேண்டும். அடுத்து, விசிறியும் விளக்குகளும் இயங்கும்போது, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பற்றறியை அளந்து பாருங்கள். 13 வோல்ற்றுக்கு மேல் நின்றால் நன்று. 12.5 க்குக் கீழே இறங்கினால் பற்றறி தேய்ந்துகொண்டிருக்கிறது.

புதிய கருவி எதுவானாலும், அதைத் தாங்கும் வலு பழைய அமைப்புக்கு உண்டா என்று பார்த்தே சேர்க்க வேண்டும். நோயை அறிந்து மருந்து, வலுவை அறிந்து சுமை. வண்டிக்கும் இது பொருந்தும், சங்கத்துக்கும் பொருந்தும்.

குழுவில் கலந்துரையாட:

1. எமது வண்டி நிற்கும்போது கொதிக்கிறதா, ஓடும்போது கொதிக்கிறதா? ஒரு வாரம் குறித்து வைப்போம்.
2. றேடியேற்றர் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது? அதற்கு ஊற்றுவது எந்தக் கிணற்றுத் தண்ணீர்?
3. எமது வண்டியின் விளக்குகள், துடைப்பான், எரிபற்றல் ஆகியவற்றுக்கு எத்தனை அம்பியர் தேவை? மிச்சம் எவ்வளவு?